கினிப்பன்றிக்குச் சலம் போகும்போது வலிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (கொக்குவில் வாசகி)
எங்கள் கினிப்பன்றி ஆண், மூன்று வயது. கூட்டில் வெள்ளைத் துவாய்தான் விரிப்போம். சலம் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிவது வழக்கம். நேற்றிலிருந்து இளஞ்சிவப்புப் பொட்டுகள் தெரிகின்றன. சலம் போகும்போது முதுகைக் கூனிக்கொண்டு மெல்லக் கீச்சிடுகிறான். புல் தின்கிறான், ஆனால் முந்திய வேகம் இல்லை. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் தினமும் கொடுப்போம், குடிப்பது கிணற்றுத் தண்ணீர். அம்மம்மா இளநீர் கொடுக்கச் சொல்கிறார். மகனுக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?

பதில் (சுன்னாகத்தான்)
பீற்றூட் கொடுத்தீர்களா அக்கா? அதைத் தின்றாலும் சலம் சிவக்கும்.

பதில் (மருதனார்மடம்)
பீற்றூட் தின்றால் நிறம் மாறும் என்பது சரி. ஆனால் கீச்சிடமாட்டான். நிறத்தை விட வலியைத்தான் நம்ப வேண்டும்.

தங்கச்சி, அந்த அமொக்சிசிலினை எடுத்துத் தூர வையுங்கோ. பிள்ளைகளுக்கு நல்ல மருந்துதான், ஆனால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். அதனாலேயே சாகலாம். பென்சிலின் வகை எதுவும் வாய்வழி கொடுக்கக் கூடாது. வேறு அன்ரிபயோட்டிக் இருக்கிறது, அதை மிருக வைத்தியர் நிறை பார்த்து எழுதித் தருவார்.

வெள்ளைப் படிவைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள். தின்னும் கல்சியத்தில் மிஞ்சியதைச் சலத்தோடு வெளியேற்றுவது இந்தப் பிராணியின் இயல்பு. காய்ந்த படிவை விரல் நுனியால் தேய்த்துப் பாருங்கோ. சுண்ணக்கட்டித் தூள் மாதிரி மெதுவாக இருந்தால் பயமில்லை. மணல் போல் நறநறத்தால் சலப்பையில் படிவு சேர்கிறது, கல்லும் இருக்கலாம். கூன், கீச்சு, இரத்தம், எப்போதும் நனைந்த பின்புறம், குறையும் நிறை, இவையெல்லாம் வைத்தியரிடம் போகச் சொல்லும் அறிகுறிகள். உங்களுடையவனுக்கு மூன்று இருக்கிறது, இன்றே போங்கோ. ஆணின் சலக்குழாய் ஒடுங்கியது, கல் வந்து அடைத்தால் மணித்தியாலக் கணக்கில் உயிர் போகும். முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் இரவென்றும் பார்க்காதீர்கள்.

எக்ஸ்ரே கேளுங்கோ. இவற்றின் கற்கள் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, படத்தில் தெளிவாகத் தெரியும்.

முருங்கையிலையில் கல்சியம் மிக அதிகம், தினமும் வேண்டாம். கடையில் விற்கும் முயல் தீனியில் அல்பல்பா (குதிரைமசால் என்ற தீவனப் பயிர்) இருக்கிறதா என்றும் பாருங்கோ, அதிலும் அதே கதை. உலர்ந்த கினிப்புல் எந்நேரமும் கூட்டில் இருக்கட்டும். குடைமிளகாய்த் துண்டு தினமும் கொடுங்கோ, விற்றமின் சியை இவற்றின் உடம்பு தானாக உண்டாக்காது. நம் பகுதி சுண்ணாம்புக்கல் நிலம், கேத்திலின் அடியில் படிவதைப் பார்த்தாலே தண்ணீரின் நிலை தெரியும். கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததைக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். இளநீர் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிப்பதுதான் முக்கியம். இலைகளைக் கழுவி ஈரத்தோடேயே போடுங்கோ.

கொக்குவில் வாசகி
நன்றி அண்ணா. காட்டினோம். சலப்பையில் ஒரு கல் இருக்கிறது, அடைப்பு இன்னும் இல்லை. வலி மருந்து தந்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். காலையில் பட்டினியாகக் கொண்டுபோக வேண்டுமா?

பதில் (மருதனார்மடம்)
வேண்டாம். நாய், பூனைக்குத்தான் அந்தப் பழக்கம். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு வெறுமையாகக் கிடந்தால் குடல் நின்றுவிடும். பெட்டியில் புல்லும் வெள்ளரித் துண்டும் வையுங்கோ. விடிய முன்னமே வெளிக்கிடுங்கோ, வவுனியா தாண்டும் வரைக்கும் வெயில் ஏறாமல் இருந்தால் நல்லது. எக்ஸ்ரே படத்தை மறக்காமல் கொண்டுபோங்கோ. அவன் தின்பதை நிறுத்தினால் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கோ. சமையல் தராசில் தினமும் நிறுத்து எழுதி வையுங்கோ, அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.