80 வருஷமாக ஆறாத தடம்: பயிற்சி நிலங்களில் நீங்கள் பார்த்தது என்ன?

போன பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், அயர்ன் மவுண்டன் முகாம் இருந்த இடத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கச் சண்டைக்குப் படைகளைப் பழக்க 1942-ல் அமெரிக்க ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி மையத்தின் முகாம்களில் அதுவும் ஒன்று. 1944-ல் மையத்தையே மூடிவிட்டார்கள். சிப்பாய்கள் ஓரங்களில் கல் அடுக்கி வைத்த நடைபாதைகளைப் பார்க்கத்தான் போனேன்.

முகாமைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததும் தரையில் அகலமாக இரண்டு கோடுகள். டாங்கித் தடம். நேற்று ஓட்டியது போல இருந்தது.

பையில் கூடார முளை ஒன்று இருந்தது. தடத்துக்கு வெளியே கையால் அழுத்தினேன், விரல் நீளம் இறங்கியது. தடத்துக்குள் எவ்வளவு அழுத்தியும் நுனிதான் பதிந்தது. செடி நசுங்கியதை விட மண் நசுங்கியதுதான் பெரிய கேடு என்று அங்கேதான் உறைத்தது. ஷெர்மன் டாங்கியின் எடை சுமார் 30 டன். அது ஏறிப் போனால் மண்ணுக்குள் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். பெய்கிற கொஞ்ச மழையும் உள்ளே இறங்காது, வேரும் துளைத்துப் போகாது. மேலே பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கட்டும் மெல்லிய பொருக்கு ஒன்று உண்டு. மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். அதுவும் நொறுங்கிவிடுகிறது.

சுற்றிலும் கிரியோசோட் புதர்கள் நிற்கின்றன. நான் பார்த்த தடத்துக்குள் ஒன்றுகூட இல்லை. இதே பாலைவனத்தில், லூசர்ன் பள்ளத்தாக்கு அருகே, இந்த இனப் புதர்க்கூட்டம் ஒன்றின் வயதை 11,000 வருஷத்துக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள். அவ்வளவு நிதானமாக வளரும் செடிக்கு 80 வருஷம் எந்த மூலைக்கு?

வேறு ஊர்ப் பயிற்சி நிலங்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

*

வணக்கம் நண்பரே. நான் இங்கிலாந்தில், ராணுவம் பயிற்சி செய்யும் சாலிஸ்பரி சமவெளியின் ஓரப் பாதையில் நடந்திருக்கிறேன். சுண்ணாம்பு மண், ஈரமான ஊர். அங்கே நான் கவனித்தது வளைவுகளைத்தான். வண்டி நேராகப் போன இடத்தில் புல் படுத்துத் திரும்ப எழுந்திருந்தது. திரும்பிய இடத்தில் சங்கிலிப் பட்டை வழுக்கி, புல்லை வேரோடு உரித்து, வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது.

ஆனால் ஒரு பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீரில் தேவதை இறால்கள் (fairy shrimp என்கிற சின்ன நீர் உயிர்கள்) மல்லாந்து நீந்தின! குட்டை வற்றினாலும் அவற்றின் முட்டை காய்ந்த சேற்றில் கிடந்து பிழைக்கும், வண்டியில் ஒட்டிய சேற்றோடு அடுத்த பள்ளத்துக்கும் போகும். அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

இறால் சங்கதி எனக்குப் புதிது, ரொம்ப நன்றி. வளைவைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு என் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தடம் மலைப்பக்கம் திரும்பும் இடத்தில் மண் ஓரமாக ஒதுங்கி, சின்ன வரப்பு போலவே நிற்கிறது.