அனுப்பிய எனக்கு எவ்வளவு பங்கு, அனுப்ப எளிதாக்கிய நிறுவனத்துக்கு எவ்வளவு?

ஆரணி வாசகன் (கேள்வி):
2018ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று நம் பக்கம் வந்திருக்கிறது, குழந்தைகளைத் தெருவில் விளையாட விடாதீர்கள் என்று ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசியிருந்தார். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டேன். கையோடு அந்தப் பதிவை அக்காவுக்கும், தெருக் குழுவுக்கும், பள்ளி வேன் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. சில நாள்களில், மே 9 அன்று, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைக் கண்டு, கடத்தல்காரர்கள் என்று எண்ணிய கூட்டம் அவர்களை அடித்தது. சென்னையிலிருந்து வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் உயிரிழந்தார்.

நான் அனுப்பியது அந்த ஊர்வரை போனதா என்று அறிய வழியில்லை. ஆனால் போயிருக்க முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கத்தியால் ஒருவன் குத்தினால் கத்தி செய்த கொல்லனைப் பிடிப்பார்களா என்று என் நண்பர் கேட்கிறார். அந்த வாதத்தில் ஏதோ இடிக்கிறது. எது என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இதில் விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கோவை மென்பொருளாளர்:
ஐயா, கத்தியை விற்றுவிட்ட கொல்லனுக்கு அதன் மேல் பிறகு எந்தப் பிடியும் இல்லை. வாட்ஸ்அப் அப்படிப்பட்ட பொருள் அன்று. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ரைன்பாடாவில் இதே வதந்தியால் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். உடனே நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு நிறுவனத்திடம் சொன்னது. அந்த மாதமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. படங்களுக்கும் காணொளிகளுக்கும் அருகில் இருந்த விரைவு அனுப்பு பொத்தானையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். கோடிக்கணக்கானோர் கையில் இருக்கும் கத்தியின் முனையை, இருந்த இடத்திலிருந்தே மழுக்கத் தெரிந்தவனைக் கொல்லன் என்று சொல்வது பொருந்தாது. 2019 ஜனவரியில் அந்த ஐந்து என்ற வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகள் பெருகியபோது, பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கினார்கள். அதன்பின் அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. குறைக்க முடிந்தது என்றால், அதற்கு முன் இருந்த வேகமும் அவர்கள் வைத்த வேகம்தானே?

செயலிகள் செய்யும் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பயனர் மூன்று முறை தட்டிச் செய்யும் வேலையை இரண்டு தட்டலில் முடிக்க வைத்தால் அதை வெற்றி என்று எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். எந்த இடத்தில் அவர் கை ஒரு கணம் தயங்கினால் நல்லது என்ற கேள்வியை நான் இருந்த கூட்டங்களில் ஒருவரும் எழுப்பியதில்லை, நானும் எழுப்பவில்லை. உங்கள் அரை நிமிடத்துக்குப் பின்னால் என்னைப் போன்றவர்களின் பல மாத உழைப்பு இருக்கிறது.

பழைய துணையாசிரியர்:
நாளிதழ் ஒன்றில் முப்பது ஆண்டுகள் மாவட்டச் செய்திகளைத் திருத்தியவன் நான். குழந்தை காணாமல் போனது என்று நிருபர் தொலைபேசியில் சொன்னால், காவல் நிலையத்தில் யாரிடம் கேட்டீர் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. தவறாக அச்சேறிவிட்டால், அச்சிடுபவர், வெளியிடுபவர் என்று கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர் போட்டிருப்பவர் நீதிமன்றப் படியேற வேண்டும். பத்திரிகைகள் பிழையே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே செய்திருக்கிறோம். பிழைக்கு ஒரு முகவரி இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த நாள்களில் நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டியது நிறுவனமும் அன்று, நீங்களும் அல்லர். போளூரில் ஓங்கிய கைகளும் மனிதக் கைகள்தான். ஆகவே, பழி முழுவதையும் ஒரு பொத்தானின் மேல் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்து மலர்:
மேலே பேசியவர்களுடன் உடன்படுகிறேன்; ஆனால், அப்படியானால் அரசு கட்டுப்படுத்தட்டும் என்று அடுத்த வரி வந்துவிடுமோ என்ற அச்சத்தில் எழுதுகிறேன். அதே 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, இலங்கை அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் ஏறத்தாழ ஒரு கிழமை (ஒரு வாரம்) முடக்கியது. வெறுப்புப் பதிவுகளைப் படித்து நீக்கச் சிங்களம் தெரிந்த ஆட்கள் பேஸ்புக் நிறுவனத்தில் போதவில்லை என்ற முறைப்பாடு அதற்கு முன்பே இருந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்தான். முடக்கம் இருந்த அந்த ஒரு கிழமையில் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: கனடாவில் இருக்கும் தமையனின் அழைப்புக்காக அம்மா ஒவ்வொரு இரவும் கைபேசியை மடியில் வைத்தபடி விறாந்தையில் இருந்தா. தீ வைத்தவனுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே தண்டனை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும்படி இத்தகைய நிறுவனங்களைக் கேட்கின்றன. நல்ல நோக்கமாகத் தோன்றலாம். ஆனால் யார் யாருக்கு என்ன எழுதினார் என்று அரசு தேடிய காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதைக் கேட்டவுடன் நெஞ்சு பதறும். நிறுவனத்தின் வடிவமைப்பைக் கேள்வி கேளுங்கள், கடிதங்களின் உறையைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

ஆரணி வாசகன்:
அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பின், பரணில் கிடந்த பழைய கைபேசியை எடுத்து மின்னேற்றிப் பார்த்தேன். தெருக் குழுவில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. இன்று வேறொருவரிடமிருந்து வந்ததை அனுப்பினால் அதன் தலையில் ஒரு குறிப்பு தெரிகிறதல்லவா, அது 2018 ஜூலையில்தான் வந்தது. அதனால் மே மாதத்துப் பதிவின் மேல் எந்தக் குறிப்பும் இல்லை. என் பெயர், என் படம், அதன் கீழே அந்தக் குரல். பார்த்தவர்களுக்கு அது என் வீட்டுப் பெண் ஒருத்தி நேரில் கண்டு சொன்னதாகவே தோன்றியிருக்கும். அந்தக் குறிப்பை முன்பே வைத்திருக்க வேண்டியது நிறுவனம். யார் சொன்னது என்று எனக்கே தெரியாது என ஒரு வரி எழுதியிருக்க வேண்டியவன் நான்.

நேற்று இரவு அதே குழுவில், அது பொய், அனுப்பியவன் நான் என்று எழுதினேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எதிர்வீட்டு ஆசிரியை, "நானும் அதை வகுப்பில் சொன்னேன் தம்பி" என்று எழுதினார்.