96,000 கிலோமீட்டரில் கருவியின் பிழை எத்தனை ஆயிரம்?

உப்பங்கழி:
நேற்று நெய்தல்வாசி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஆர்க்டிக் ஆலா ஓர் ஆண்டில் 96,000 கிலோமீட்டர் பறக்கிறது, அறிவியல் அளந்து காட்டிவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை" என்கிறார். எதைக் கொண்டு அளந்தார்கள்? அந்தச் சிறு கடற்பறவையின் காலில் இருந்தது 0.7 கிராம் எடையுள்ள ஜியோலொகேட்டர். அது எந்தச் செயற்கைக்கோளோடும் பேசாது. எப்போது வெளிச்சம் வந்தது, எப்போது போனது என்று கடிகார நேரத்தோடு குறித்து வைக்கும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பறவையைப் பிடித்துக் கருவியைக் கழற்றிய பிறகு, பகலின் நீளத்தைக் கொண்டு அட்சரேகையையும் நண்பகல் நேரத்தைக் கொண்டு தீர்க்கரேகையையும் கணக்கிடுவார்கள். ஒரே அல்பட்ராஸ் கடற்பறவையின் மீது இந்தக் கருவியையும் செயற்கைக்கோள் கருவியையும் சேர்த்துக் கட்டி ஒப்பிட்டவர்கள், சராசரிப் பிழை 180 கிலோமீட்டருக்கு மேல் என்று 2004-இல் வெளியிட்டார்கள். சென்னையில் நிற்கும் பறவையைச் சிதம்பரத்தில் நிற்பதாகச் சொல்லும் கருவி இது. என் கேள்வி ஒன்றே ஒன்று: 96,000-இல் கருவியின் பிழை எத்தனை ஆயிரம்?

நெய்தல்வாசி:
படித்துவிட்டுத்தான் எழுதினேன் ஐயா. இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தார் கருவி பொருத்திய பறவை அது. 2015 ஜூலை 25 அன்று புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியப் பெருங்கடலுக்குள் போய், அங்கிருந்து அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலை அடைந்து, 2016 மே 4 அன்று கூட்டுக்குத் திரும்பியது. தனியொரு பறவை என்று தள்ளிவிட முடியாது. கிரீன்லாந்தில் 10, ஐஸ்லாந்தில் 1 என்று 11 ஆலாக்களின் தடம் 2010-இல் வெளியானது. ஆண்டுச் சராசரி 70,900 கிலோமீட்டர். மிகக் குறைவாகப் பறந்ததே 59,500. நெதர்லாந்துப் பறவைகள் சுமார் 90,000. மூன்று குழுக்களும் கூடிப் பேசிப் பொய் சொல்கின்றன என்கிறீர்களா?

உப்பங்கழி:
பொய் என்று நான் எங்கே சொன்னேன்? மூன்று குழுக்களும் ஒரே வகைக் கருவியைத்தான் கட்டின. ஒரே பிழை மூன்று முறை வந்தால் அது சான்றாகிவிடுமா? அசையாமல் மிதக்கும் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி அதை இன்று வடக்கே காட்டும், நாளை தெற்கே காட்டும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் பறக்காத பறவைக்கும் தூரம் சேரும். நாளுக்கு வெறும் 100 கிலோமீட்டர் போலி நகர்வு என்று குறைத்துப் பிடித்தாலும், ஜூலை 25 முதல் மே 4 வரை 28,000 கிலோமீட்டர் வந்துவிடும். அதை 96,000-இலிருந்து கழித்துப் பாருங்கள். எத்தனை ஆயிரம்?

வளையமிட்டவன்:
தம்பி, கோடியக்கரையில் பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் முகாமில் கை வைத்து வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கணினி முன் உட்கார்ந்து கழித்தல் போடுவது எளிது. கருவி தரும் புள்ளிகளை யாரும் திருத்தாமல் அப்படியே இணைப்பதில்லை. அடுத்தடுத்த புள்ளிகளைச் சராசரியாக்கித் தடத்தைச் சீராக்குகிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாளை ஒட்டிய வாரங்களில் உலகம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் அட்சரேகை கிடைக்காது. அந்த நாள்களின் அட்சரேகையை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இந்த எண்கள் குறைவானவை. மீனைத் தேடி ஆலா நாள் முழுவதும் வளைந்து வளைந்து பறக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு புள்ளி மட்டும் தரும் கருவிக்கு அந்த வளைவு ஒன்றும் தெரியாது. 96,000 என்பது கீழ்வரம்பு.

அளவுகோல்:
இருவரும் தூரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? வரைபடத்தில் சீராக்கிய தடத்தின் நீளமா, சிறகு உண்மையில் கடந்த தூரமா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

உப்பங்கழி:
முதலில் ஒன்று. நான் உங்கள் தம்பி அல்ல. வயதைக் காட்டி வாயை அடைக்கும் பழக்கத்தை முகாமிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது விஷயம். சீராக்குகிறார்கள் என்கிறீர்கள். எவ்வளவு சீராக்கினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். கூடுதலாக வழித்தால் 70,000, குறைவாக வழித்தால் 96,000. அப்படியானால் அது பறவையின் தூரமா, கணக்குப் போட்டவரின் விருப்பமா? டிசம்பரில் வெட்டல் கடலின் தென்பகுதியில் சூரியன் மறைவதே இல்லை. அந்தி இல்லாத இடத்தில் அந்தியை வைத்து இடம் சொல்லும் கருவி எதைச் சொல்லும்? அந்த நாள்களின் தூரம் எப்படி வந்தது? ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நெய்தல்வாசி:
திறக்கிறேன், கேளுங்கள். கிரீன்லாந்துப் பறவைகளின் பெருந்தூரம் தென்கோடியில் சேர்ந்ததே அல்ல. தெற்கே போக ஏறக்குறைய 34,600, வடக்கே திரும்ப 25,700, குளிர்கால இடத்தில் சுமார் 10,900. திரும்பும் பயணம் சுமார் 40 நாளில் முடிந்துவிடுகிறது. நாளுக்குப் பல நூறு கிலோமீட்டர் ஓடும் பறவையில் உங்கள் 100 கிலோமீட்டர் அமுங்கிப் போகும்.

உப்பங்கழி:
நன்றி, நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கிரீன்லாந்தில் அந்தப் பறவைகள் கூடு கட்டும் தீவு வடக்கு 74 பாகை. வெட்டல் கடல் தெற்கு 65 பாகைக்குப் பக்கம். நேராக வந்தால் சுமார் 15,500 கிலோமீட்டர். கருவி சொல்வது 25,700. இடையில் இருக்கும் 10,000 யாருடையது?

நெய்தல்வாசி:
காற்றினுடையது! அட்லாண்டிக்கில் அவை நேராக வருவதில்லை. வீசும் காற்றின் பெருஞ்சுழல்களைத் தழுவி ஆங்கில எஸ் எழுத்துப் போல் வளைந்து திரும்புகின்றன. 11 பறவைகளிலும் அதே வளைவு. பிழை என்றால் ஒவ்வொரு பறவையிலும் ஒவ்வொரு பக்கம் சிதறியிருக்க வேண்டும். தெற்கே போகும்போதும் வட அட்லாண்டிக்கின் நடுவே கிட்டத்தட்ட ஒரு மாதம் தங்கி இரை தேடுகின்றன. அதன் பின் 7 பறவைகள் ஆப்பிரிக்கக் கரையையும் 4 பறவைகள் பிரேசில் கரையையும் பிடித்துப் போயின. 100 கிராமைச் சற்றே தாண்டும் ஓர் உயிர் நடுக்கடலில் ஒரு மாதம் தங்கும் இடத்தை முதல் முறையாக மனிதன் கண்டுகொண்டான். அதைப் படித்த அன்று எனக்கு உடல் சிலிர்த்தது. உங்களுக்கு அதில் தெரிவது கழித்தல் கணக்கு மட்டும்தானா?

உப்பங்கழி:
ஒரு மாதம் தங்குகின்றன என்றால் அந்த மாதத்தில்தான் போலித் தூரம் அதிகம் சேரும். மீண்டும் கேட்கிறேன், எத்தனை ஆயிரம்?

பவளத்திட்டு:
எண்ணைப் பற்றி அடித்துக்கொள்கிறீர்கள், பறவையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கிரீன்லாந்து ஆலாக்கள் மீது கட்டிய கருவி 1.4 கிராம். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்து ஃபெட்லார் தீவில் 2012-இல் செங்கழுத்து ஃபலரோப் என்னும் சின்னஞ்சிறு கடற்பறவைகளின் மீது 0.6 கிராம் கருவி கட்டினார்கள். பறவையின் எடையே 40 கிராமுக்குள். பத்துப் பறவைகளில் கருவியோடு மறு ஆண்டு கையில் கிடைத்தது ஒன்று. மற்றவற்றைப் பற்றி யாருக்கும் கவலை இல்லையா?

நெய்தல்வாசி:
கையில் சிக்கவில்லை என்பதால் செத்துவிட்டன என்று பொருளில்லை. திரும்பி வந்தும் வலையில் விழாத பறவைகள் ஏராளம். கிடைத்த அந்த ஒன்று என்ன சொன்னது தெரியுமா? ஸ்காண்டிநேவியப் பறவைகளைப் போல அரபிக்கடலுக்குத்தான் போகும் என்று நினைத்திருந்தார்கள். அது அட்லாண்டிக்கைக் கடந்து, மத்திய அமெரிக்காவைத் தாண்டி, கலாபகோஸ் தீவுகள், பெரு பக்கத்துப் பசிபிக்கில் குளிர்காலத்தைக் கழித்திருந்தது. 180 கிலோமீட்டர் பிழை அரபிக்கடலைப் பசிபிக் ஆக்கிவிடுமா உப்பங்கழி ஐயா?

உப்பங்கழி:
எங்கே போனது என்று நான் கேட்கவே இல்லை. எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டேன். கேட்காததற்குப் பதில் சொல்வது உங்கள் பழைய வழக்கம். இன்னொன்று, ஃபலரோப் கரைப்பறவைக் குடும்பம். அதைக் கடற்பறவை என்று எழுதக்கூடாது என்று சென்ற ஆண்டே சொன்னேன். அப்போது பவளத்திட்டு என்னைத் திட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

பவளத்திட்டு:
எனக்கும் நினைவிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியைத் திறந்த கடலில் கழிக்கும் பறவையைக் கடற்பறவை என்றுதான் சொல்வேன். மீசை ஆலாவை ஆற்று ஆலா என்று படம் போட்டு, மூன்று பேர் சொல்லியும் இறங்கி வராதவர் எனக்குப் பறவைக் குடும்பம் கற்றுத்தர வேண்டாம்.

உப்பங்கழி:
அந்தப் படத்தில் வெளிச்சம் சரியில்லை. இறகைப் பார்த்துச் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

வளையமிட்டவன்:
வெளிச்சம் சரியில்லாததால் தவறு நேரலாம் என்று கருவிக்கு மட்டும் குற்றப்பத்திரிகை எழுதுகிறீர்களே.

நெய்தல்வாசி:
பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையைப் பாருங்கள். 2022-இல் ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் 11 நாளில் வந்தது. அதன் முதுகில் சூரிய ஒளியில் இயங்கும் 5 கிராம் செயற்கைக்கோள் கருவி. அதை ஆலா மீது ஏற்றினால் உடல் எடையில் கிட்டத்தட்ட 5 சதவீதம். 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று கடற்பறவை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கிராம் ஜி.பி.எஸ். கருவிகளும் வந்துவிட்டன, ஆனால் அந்த மின்கலத்தை வைத்து ஆண்டு முழுவதும் நாள்தோறும் இடம் குறிக்க முடியாது. ஆலாவுக்கு இருக்கும் வழி வெளிச்சக் கருவிதான்.

உப்பங்கழி:
மூக்கனின் எண்ணை நான் மறுக்கவில்லையே. அது நாளுக்குப் பல முறை செயற்கைக்கோளில் பதிந்த தடம். ஆலாவின் எண் அப்படிப்பட்டதல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதுகிறீர்கள் என்பதுதான் என் கோபமே. பள்ளிக்கூடச் சுவரொட்டியில்கூட இந்த 96,000 ஏறிவிட்டது. பிழையின் அளவு எந்தச் சுவரொட்டியில் இருக்கிறது?

அளவுகோல்:
தூரம் என்றால் எது என்று கேட்டிருந்தேன்.

வளையமிட்டவன்:
கீழ்வரம்பு என்று சொல்லிவிட்டேன். வளைவுகளைச் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது என் கருத்து.

உப்பங்கழி:
கருத்து! இதோ, இப்போது ஒரு லட்சம் ஆகிவிட்டது. வளைவில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தீர்களா? பிழையில் எவ்வளவு கூடுகிறது என்று அளந்தீர்களா? இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் கருவியின் பிழை எத்தனை ஆயிரம் என்ற கேள்விக்கு ஓர் எண் வரவில்லை. எண் வரும் வரை இதே கேள்வியைக் கேட்பேன்.

நெய்தல்வாசி:
கேட்டுக்கொண்டே இருங்கள். என் பதிவில் 96,000 அப்படியே இருக்கும். ஓர் இலக்கத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

பவளத்திட்டு:
ஃபலரோப் கடற்பறவைதான்.