ஒரே சந்தா வந்தால் சின்ன ஆய்விதழ்கள் என்ன ஆகும்?

நெல்லிக்காய்:
அரசுக் கல்லூரியில் விலங்கியலில் பிஎச்.டி. செய்கிறேன். அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்குமாக மத்திய அரசே ஆய்விதழ்ச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து, முன்பு பணம் கேட்ட கட்டுரைகள் பல தாமாகத் திறக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் என் நெறியாளர் ஒரு சிறிய அறிவியல் சங்கத்தின் ஆய்விதழை நடத்துகிறார். “இனி எந்த நூலகம் நமக்குச் சந்தா கட்டும்?” என்று புலம்புகிறார். அந்தப் பயம் நியாயமா?

பழைய நூலகர்:
நியாயம்தான் தம்பி. புதுக் கதையும் இல்லை. 2004இல் பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்து மின்னிதழ் வாங்கித் தரும் யுஜிசி இன்ஃபோநெட் கூட்டமைப்பு வருவதற்கு முன் என் மேஜையில் கார்டெக்ஸ் இருந்தது. இதழுக்கு ஓர் அட்டை. தபாலில் வந்தால் ஒரு டிக், வராவிட்டால் ஏஜென்டுக்குக் கடிதம். எது வேண்டும், எது வேண்டாம் என்று துறைத் தலைவர்களோடு மல்லுக்கட்டி நாங்களே தேர்ந்தெடுப்போம்.

அப்புறம் ஒரு பதிப்பகத்தின் இதழ்கள் எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. வருஷம் முழுக்க ஒருவரும் திறக்காத இதழும் அதற்குள் இருக்கும். அதை மட்டும் நிறுத்த வழியில்லை. நிதி இறுகினால் கை நீள்வது மூட்டைக்கு வெளியே இருக்கும் சங்க இதழின் மேல்தான். நானே வெட்டியிருக்கிறேன். ஒரு சங்கச் செயலாளர் கைப்பட எழுதிக் கேட்டார். பதில் போட மனம் வரவில்லை.

இப்போதைய மூட்டை இன்னும் பெரிது: மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். சங்க இதழ் அதற்குள் போகப் பெரிய பதிப்பகத்தின் தோளில் ஏறலாம். இந்திய அறிவியல் அகாடமி 2007 முதல் ஸ்ப்ரிங்கர் என்ற பன்னாட்டுப் பதிப்பகத்தோடு சேர்ந்துதான் வெளியிடுகிறது. ஆனால் தன் தளத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறது, அதுதான் சாமர்த்தியம். உங்கள் நெறியாளரின் சங்கத்துக்கு அந்த அளவு பேரம் பேசும் பலம் இருக்குமா, சந்தேகம்தான்.

சுயநிதி வாத்தியார்:
நீங்கள் மூட்டையின் கனத்தைப் பேசுகிறீர்கள் சார், எங்களுக்கு அதன் கயிறுகூடக் கிடையாது. அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தானே! எனக்கு அந்தச் சங்க இதழ்கள்தான் கட்டுப்படியாகும்.

நெல்லிக்காய்:
2027 முடிந்து சந்தா நின்றால், சார்?

பழைய நூலகர்:
பைண்ட் பண்ணி அடுக்கில் வைத்தது, சந்தா நின்றாலும் நம்முடையது. மின்னிதழ் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பழைய இதழ்களாவது மிஞ்சும். தேவையானதை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கில் வேண்டாம். பதிப்பகத்தார் கல்லூரிக்கே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், திட்டு நூலகருக்கு விழும்.