செர்பியாவுக்கு ஐந்து நாள்: பெல்கிரேட் போதுமா, தெற்கே இறங்கலாமா?

வண்டிச்சக்கரம்:
அக்டோபரில் நானும் மனைவியும் செர்பியா போகிறோம். கையில் ஐந்து நாள்தான். மனைவி சைவம். தலைநகர் பெல்கிரேடிலேயே இருந்துவிடலாமா, தெற்கே நிஷ் நகரம் வரை போகலாமா?

ஆற்றங்கரை:
பெல்கிரேடை விட்டு நகராதீர்கள். சாவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்துக்கு மேலே கலெமெக்தான் கோட்டை. சாயங்காலம் ஊரே அந்த மதில்மேல் உட்கார்ந்திருக்கும். மின்சார விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவின் அருங்காட்சியகத்தில் அவருடைய அஸ்தியே இருக்கிறது, தங்க நிற உருண்டை ஒன்றுக்குள். ஒரு நாள் நோவி சாத் போய் வாருங்கள். 2022இல் திறந்த அதிவேக ரயிலில் 40 நிமிடம்கூட ஆகாது. அங்கே பெத்ரோவரதின் கோட்டைக் கடிகாரத்தில் பெரிய முள் மணியைக் காட்டும், சின்ன முள் நிமிடத்தை. ஆற்றில் போகும் படகுக்காரர்களுக்குத் தூரத்திலிருந்தே மணி தெரியவேண்டும் என்று அப்படி வைத்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, சுவரில் பதித்த மண்டையோடுகளைப் பார்க்க எதற்கு நிஷ் வரை பஸ்ஸில் போகவேண்டும்?

மலைப்பாதை:
அந்தச் சுவருக்காகவே போகவேண்டும் என்பேன். 1809இல் செகார் குன்றில் ஒட்டோமான் படை சூழ்ந்துகொண்டபோது, செர்பியத் தளபதி ஸ்டெவான் சிந்ஜெலிச் வெடிமருந்துக் கிடங்கைச் சுட்டு வெடிக்கவைத்தார். அவர் ஆட்களும் செத்தார்கள், எதிரிகளும் செத்தார்கள். இறந்த செர்பியர்களின் தலைகளை வைத்துக் கோபுரம் கட்டச் சொன்னார் ஒட்டோமான் தளபதியான பாஷா. 952 மண்டையோடுகள் என்பார்கள். இன்று இருப்பவை 58. மற்ற இடமெல்லாம் சாந்தில் வெறும் குழிகள். கிட்டே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு குழியும் ஒரு தலையின் அளவு.

ஆற்றங்கரை:
வரலாற்றை நான் மறுக்கவில்லை. செத்தவர்களை டிக்கெட் வாங்கிப் பார்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

மலைப்பாதை:
பல தலைகளைக் குடும்பத்தார் இரவோடு இரவாக எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். மிச்சம் இருப்பதைச் சுற்றி 1892இல் தேவாலயம்போல் ஒரு கூரை எழுப்பியதும் செர்பியர்களேதான். அவர்களுக்கு அது சமாதி. சமாதிக்குப் போகிற மரியாதையோடு போனால் போதும்.

அடுப்பங்கரை:
சாப்பாட்டை யாருமே பேசவில்லையே. நிஷுக்குத் தெற்கே லெஸ்கோவாட்ஸ் இருக்கிறது, கரியில் சுட்ட இறைச்சிக்கு நாடு முழுக்கப் பெயர் போன ஊர். அங்கே பிளெஸ்காவிட்சா சாப்பிடாமல் செர்பியா பார்த்தேன் என்று சொல்லமுடியாது. உள்ளங்கையைவிட அகலமான கறித்தட்டை, மேலே உருகும் கைமாக் என்ற பாலாடை, பக்கத்தில் பச்சை வெங்காயம். ஆனால் உங்கள் மனைவிக்குத் திண்டாட்டம்தான். ரொட்டியும் சாலடும் சாப்பிட்டே நாளை ஓட்டவேண்டும்.

கீரைக்கட்டு:
இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. செர்பிய ஆர்த்தடாக்ஸ் மரபில் புதன், வெள்ளி விரதம். அன்றைக்கு இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் விரதச் சாப்பாடு என்று தனிச் சமையலே இருக்கிறது. கடையில் “போஸ்னோ” என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று, அவர்கள் கணக்கில் மீன் பெரும்பாலும் விரதத்தில் சேர்த்திதான். மீன் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடவேண்டும். வெள்ளை பீன்ஸை நிறைய வெங்காயத்தோடு மண்சட்டியில் வைத்து, மேல்பகுதி முறுகும்வரை அடுப்பில் சுடுவார்கள். பிரெப்ரனாட்ஸ் என்று பெயர். சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்கள் போகும் காலம் ஐவார் என்ற தொடுகறி செய்யும் காலம். சிவப்புக் குடைமிளகாயை நெருப்பில் சுட்டு, தோல் உரித்து, அரைத்து, எண்ணெயில் மணிக்கணக்காகக் கிளறுவார்கள். தெருவே மணக்கும். பால் சாப்பிடுவார் என்றால் சீஸ் வைத்த கிபானிட்சா, புரெக் போன்ற அடுக்குமாவுப் பண்டங்கள் எல்லாம் காலையிலேயே கிடைக்கும்.

ஆற்றங்கரை:
இதெல்லாம் பெல்கிரேடிலும் கிடைக்கும். பேராலயத்துக்கு எதிரே வெறும் கேள்விக்குறியையே பெயராக வைத்த பழைய கஃபானா, அதாவது சாப்பாடும் மதுவும் கிடைக்கும் கடை, இருக்கிறது. தேவாலயத்தின் பெயரைக் கடைக்கு வைத்ததற்கு எதிர்ப்பு வந்ததால், தற்காலிகமாக மாட்டிய குறி அப்படியே நிலைத்துவிட்டது. ஷ்லிவோவிட்சாவை அங்கே குடித்துப் பாருங்கள். பிளம் பழத்தில் வடிக்கும் அந்த மதுவின் மரபை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஒரே மடக்கில் கவிழ்க்கக் கூடாது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து “ஷிவெலி” சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும்.

வண்டிச்சக்கரம்:
சரி, இப்படி யோசிக்கிறேன். பெல்கிரேட் இரண்டு நாள், நோவி சாத் ஒரு நாள், நிஷில் இரண்டு நாள்.

மலைப்பாதை:
நோவி சாத்தை எடுத்துவிட்டு ஸ்டூடெனிட்சா மடத்தைச் சேருங்கள். ஸ்டெபான் நெமான்யா 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வெண்பளிங்குத் தேவாலயம் அது. உள்ளே நீலப் பின்னணியில் சிலுவையேற்ற ஓவியம், 800 வருடத்துக்கு மேலாகிறது. பஸ் குறைவு, கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை:
ஐந்து நாளில் மலைப்பாதையில் காரும் ஓட்டச் சொல்கிறீர்களா? நோவி சாத்தை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கீரைக்கட்டு:
எதை எடுத்தாலும் சரி, இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் போகும் சலுகை 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. முதலில் அதைப் பாருங்கள். நிஷுக்குப் போகும் நாள் புதனோ வெள்ளியோ என்றால் மனைவிக்குச் சாப்பாடு இன்னும் சுலபம்.