கோபமில்லாமல், ஜெபத்தோடு அடித்தால் அது சரியா?

கேள்வி: விடியல்ஜெபம்

ஸ்தோத்திரம். என் மகளுக்கு இரண்டரை வயது. சபையில் சமீபத்தில் பிள்ளை வளர்ப்பு வகுப்பு நடந்தது. சொன்ன உடனே, முழுவதுமாக, முகம் சுளிக்காமல் கீழ்ப்படிய வேண்டும்; இல்லையென்றால் பிரம்பு. கோபத்தில் அடிக்கக்கூடாது. முதலில் ஜெபித்து மனதை அமைதியாக்கி, பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், வசனம் சொல்லி, அடித்து, அப்புறம் அணைத்துக்கொண்டு சேர்ந்து ஜெபிக்க வேண்டும். பிள்ளையின் சித்தம் உடையும்வரை விடக்கூடாது. தவழும் குழந்தையைக்கூட ஒரு விரிப்பில் உட்காரவைத்து, எட்டும் தூரத்தில் பொம்மையை வைத்து, விரிப்பைத் தாண்டினால் தட்டிப் பழக்கலாம் என்றார் பாஸ்டர்.

என் கணவர் முரட்டு மனிதர் இல்லை. சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டார். அதனால்தான் பயமாக இருக்கிறது, அவர் எதையும் சொன்னபடியே செய்பவர். மெல்லிய பிரம்பு ஒன்று வாங்கி வந்துவிட்டார். வேண்டாம் என்றேன். “வேதத்தைவிட நமக்கு அதிகம் தெரியுமா?” என்று நீதிமொழிகள் 23:13-ஐக் காட்டுகிறார்.

நான் விசுவாசத்தை விடப்போவதில்லை. அமைதியாக, அன்போடு அடிப்பது கோபத்தில் அடிப்பதைவிட மேலானதுதானா? அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: மூத்தமகள்

சிஸ்டர், அந்த வகுப்பில் சொன்ன முறையிலேயே வளர்ந்தவள் நான். என் அப்பாவும் குரலை உயர்த்தியதே இல்லை.

“போய் எடுத்துக்கொண்டு வா” என்பார். நானே போய் எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். எதற்காக அடி என்பதையும் நானே சொல்ல வேண்டும், அதற்கான வசனத்தோடு. அடித்து முடித்ததும் “நன்றி அப்பா” என்று சொல்லி அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும். முகம் தொங்கியிருந்தால் மனந்திரும்புதல் முழுமையாகவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து.

அழுகைக்கும் ஒரு கணக்கு இருந்தது. ரொம்பச் சத்தமாக அழுதால் அது கலகம். அழாமல் நின்றால் இருதயக் கடினம். இரண்டுக்கும் நடுவில், உடைந்துபோனதாகக் கேட்கிற ஒரு அழுகை வேண்டும். நான் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். தம்பிக்கு அது வரவே இல்லை. பயந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சில குழந்தைகள் அப்படித்தான், அது அவர்கள் கையில் இல்லை. அப்பாவுக்கு அது எதிர்ப்பாகத் தெரிந்தது. அவர் நிறுத்தி, கண்ணை மூடி ஜெபித்து, மறுபடி தொடங்குவார். அவன் மறுபடி சிரிப்பான். நான் கதவுக்கு வெளியே நின்று, “அழுதுவிடு, அழுதுவிடு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலானது இல்லை என்பேன். கோபத்தில் அடிப்பவருக்குக் கை ஓய்ந்தால் கோபமும் ஓயும். பிறகு வெட்கப்படுவார், மன்னிப்பும் கேட்கலாம். பிள்ளையும், அப்பா தப்புச் செய்துவிட்டார் என்று மனதுக்குள்ளாவது நினைத்துக்கொள்ளும். ஜெபித்துவிட்டு அடிப்பவருக்கு வெட்கப்பட எதுவும் இல்லை. அவர் கர்த்தரின் வேலையைச் செய்கிறார். பிள்ளைக்குக் கோபப்படக்கூட இடமில்லை, உடனே அணைத்துக்கொள்கிறார்களே! அடித்த கையும் தடவிய கையும் தேவனுடைய பெயரும் ஒரே நிமிடத்தில் சேர்ந்து உள்ளே போய்விடுகின்றன. அதைப் பிரித்தெடுக்க எனக்குப் பல வருடம் ஆனது.

“சித்தம் உடையும்வரை” என்பதில்தான் பெரிய ஆபத்து. எங்கே நிறுத்துவது என்பதை அந்த விதி பிள்ளையின் கையில் விட்டுவிடுகிறது. பிள்ளைக்கோ என்ன கேட்கிறார்கள் என்றே புரியாது. 1994-ல் அமெரிக்காவில் ஒரு ஊழியக்காரத் தம்பதியர் இதே போதனையைப் புத்தகமாக எழுதினார்கள். பிரம்புக்குப் பதிலாக வளையக்கூடிய மெல்லிய பிளம்பிங் குழாயைப் பரிந்துரைத்தார்கள். 2010-ல் கலிபோர்னியாவிலும் 2011-ல் வாஷிங்டன் மாநிலத்திலும் தத்தெடுத்த பெற்றோரின் கையில் தலா ஒரு சிறுமி இறந்தாள். இரண்டு வீட்டிலும் அந்தப் புத்தகம் இருந்தது. பெற்றோர்கள் தண்டனை பெற்றார்கள். எழுதியவர்கள், எங்கள் போதனையில் தவறில்லை, தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்றார்கள். உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டுகிற வசனத்தில் “பிரம்பினால் அடித்தால் அவன் சாகான்” என்று இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் செத்துப்போனார்கள்.

வசனத்தை வைத்தே பேச வேண்டுமென்றால் நீதிமொழிகளை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். 10:13-லும் 26:3-லும் மூடனுடைய முதுகுக்குப் பிரம்பு ஏற்றது என்று இருக்கிறது. சபையில் எந்த மூப்பரும் எந்தப் பெரியவர் முதுகிலும் பிரம்பை வைப்பதில்லையே? உபாகமம் 21-ல் அடங்காத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதையும் யாரும் செய்வதில்லை. எதை அப்படியே எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஏற்கெனவே தீர்மானித்துக்கொண்டுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் ஏன் எப்போதும் சிறு பிள்ளைகளுக்கு எதிராகவே போகிறது?

இந்த நீதிமொழிகள் சாலொமோனின் பெயரில் இருப்பவை. அவர் மகன் ரெகொபெயாம் ராஜாவானதும் ஜனங்களிடம் என்ன சொன்னான் என்று 1 இராஜாக்கள் 12-ல் பாருங்கள்: என் தகப்பன் சவுக்கால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன். ராஜ்யமே இரண்டாகப் பிளந்தது.

பதில்: பாறைமேல்வீடு

சகோதரிகளே, எபிரெயர் 12-ஐ மறந்துவிட்டீர்கள். கர்த்தர் தாம் நேசிக்கிறவனைச் சிட்சிக்கிறார். நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகவே இருக்கிறோம். யாரோ வெறியர்கள் செய்ததற்காக வசனத்தைத் திருத்த முடியாது. மனைவியைக் கணவனுக்கு எதிராகத் தூண்டிவிடுவதும் வேதத்தின்படி சரியில்லை.

பதில்: மூத்தமகள்

பிரதர், எபிரெயர் 12 உபத்திரவத்தில் சோர்ந்துபோன பெரியவர்களைத் திடப்படுத்த எழுதியது. தகப்பனுடைய சிட்சை அங்கே உதாரணமாக வருகிறது, எப்படி அடிப்பது என்ற பாடமாக இல்லை. தகப்பன்மாருக்கு நேரடியான கட்டளை வேண்டுமென்றால் கொலோசெயர் 3:21 இருக்கிறது. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபமூட்டக்கூடாது என்கிறார் பவுல். திடனற்றுப்போவதும் சித்தம் உடைவதும் வேறு வேறா, நீங்களே சொல்லுங்கள்.

நன்றாக இருக்கிறோம் என்கிறீர்கள். சந்தோஷம். என் தம்பிக்கு இன்றும் யாராவது தலையில் கைவைத்து ஜெபித்தால் உடம்பு விறைத்துப்போகும். அதனாலேயே அவன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனை இழந்ததில் எனக்கு இருக்கிற வருத்தம் பிரம்பைப் பற்றிப் போதிப்பவர்களுக்கும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளைக்காக ஒரு தாய் பேசுவதைத் தூண்டிவிடுவது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பதில்: சிறுவர்நலம்

குழந்தைகளோடு வேலை செய்பவன். வேத விளக்கத்துக்குள் நான் போகவில்லை.

2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 50 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்தார்கள். 1,60,000 குழந்தைகளுக்கு மேல் அதில் அடக்கம். கணக்கில் எடுத்தது கொடுமையான அடியை இல்லை, சாதாரணமாகக் கையால் பின்புறத்தில் தட்டுவதைத்தான். அதற்கே கீழ்ப்படிதல் கூடவில்லை. முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும்தான் கூடுதலாகத் தெரிந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-ல் எந்த வகை அடியும் வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொன்னது. இரண்டரை வயதில் “வேண்டாம்” என்று சொல்வது கலகம் இல்லை, வளர்ச்சி. அந்த வயதுக்குத் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் திறன் இன்னும் வரவில்லை. விரிப்பைத் தாண்டித் தவழும் குழந்தையும் அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

மத உரிமை என்ற வாதமும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரிட்டனில் சில கிறிஸ்தவப் பள்ளிகளும் பெற்றோரும், அடித்து, ஆறுதல் சொல்லி, ஜெபிக்க வைப்பது எங்கள் விசுவாசத்தின் பகுதி என்று வழக்குப் போட்டார்கள். 2005-ல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. இது குழந்தைகளைப் பற்றிய வழக்கு, ஆனால் அவர்களுக்காகப் பேச இங்கே ஒருவருமே இல்லை என்று நீதிபதி ஹேல் தன் தீர்ப்பில் எழுதினார். ஜெர்மனியில் பன்னிரண்டு கோத்திரங்கள் என்ற குழு பிள்ளைகளைப் பிரம்பால் அடித்து வளர்த்தது. 2013-ல் காவல்துறை அங்கிருந்து சுமார் 40 பிள்ளைகளை வெளியே கொண்டுபோனது. பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2018-ல் தோற்றார்கள்.

வழக்குக் கதைகளோடு கணவரிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். எதிரியிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு அவருக்கு வந்துவிடும். குழந்தை தூங்கிய பிறகு, எந்தப் பிரச்சினையும் இல்லாத நேரத்தில் பேசுங்கள். அவர் மதிக்கிற பெரியவர் யாராவது அடிக்காமல் பிள்ளைகளை வளர்த்திருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அடி தொடங்கிவிட்டால், உடம்பில் தடம் தெரிந்தால், சபை ஆலோசனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடமும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமும் போங்கள்.

பதில்: விடியல்ஜெபம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பேசினேன். மூடனுடைய முதுகைப் பற்றிய வசனத்தைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பாஸ்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம், அதுவரை பிரம்பைத் தொடமாட்டேன் என்றார். அவரோடு நானும் போகலாமா? பெண்கள் அங்கே கேள்வி கேட்பது வழக்கமில்லை.

பதில்: மூத்தமகள்

கட்டாயம் போங்கள் சிஸ்டர். வசனத்துக்கு வசனம் வாதாட வேண்டாம், அதில் அவர்களுக்குத்தான் பழக்கம் அதிகம். எத்தனையாவது அடியில் நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், உங்கள் கணவர் பக்கத்தில் இருக்கும்போதே. பிள்ளை பணியும்வரை என்று பதில் வந்தால், அவள் பயத்தில் சிரித்தால் என்ன செய்வது என்றும் கேளுங்கள்.