புதுப்பிப்பு: பூட் பென்டிரைவில் நெட்வேர்க் கார்ட் தெரியாத பிரச்சினை தீர்ந்தது

கிளிநொச்சியில் எங்கள் கல்வி நிலையக் கணினிகளை டிஸ்க் இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுத்து சேர்வரில் போட, விண்டோஸ் பிஇ (நிறுவாமலே ஓடும் சிறிய விண்டோஸ்) பென்டிரைவில் பூட் செய்தால் நெட்வேர்க்கே வரவில்லை என்று கேட்டிருந்தேன். இப்போது எல்லாம் சரி, உதவிய எல்லோருக்கும் நன்றி.

வழி காட்டியது நெட்வேர்க் கார்டின் ஹார்ட்வேர் ஐடியை (எந்த மாடல் என்று காட்டும் அடையாளம்) பார்க்கச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் கார்ட் ரியல்டெக் 8125, 2.5 கிகாபிட், எங்கள் விண்டோஸ் 10 பிஇயில் அதற்கு டிரைவர் இல்லை. டிரைவரின் செட்டப் ஃபைல் அங்கே உதவாது, அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் ஃபைலையும் (டிரைவரை எப்படி ஏற்றுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஃபைல்) கூட இருப்பவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட வேண்டும், பிஇ 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட்தான். டிரைவரை ஏற்றும் 'டிஆர்வி லோட்' கட்டளையில் அந்த ஐஎன்எஃபைக் கொடுத்ததும் கார்ட் வந்துவிட்டது.

ஆனால் ஐபி 169.254 என்று தொடங்கியது, அதாவது ரவுட்டரிடமிருந்து ஐபி கிடைக்காமல் கணினி தானே வைத்துக்கொண்டது! கொஞ்சம் பொறுத்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையில் ரினியூ கொடுத்ததும் ரவுட்டரிடமிருந்து சரியான ஐபி கிடைத்தது. இடையில் கரண்ட் போய்வர டிரைவரும் போய்விட்டது, பிஇ ராமில் ஓடுவதால் அப்படித்தான். அதனால் 'டிஸ்ம்' கட்டளையில் பென்டிரைவில் பிஇ அடங்கியிருக்கும் பூட் டாட் விம் ஃபைலை மவுண்ட் செய்து (ஃபோல்டர் போலத் திறந்து) டிரைவரை உள்ளேயே ஏற்றிவிட்டேன். அன்மவுண்ட் செய்யும்போது (மூடும்போது) கமிட் கொடுப்பது கட்டாயம், இல்லாவிட்டால் சேமிக்காது.